தலை பின்ற நேரம் ஸ்கிரீன் டைம்ல வருமா?

பப்ளிக் ஹெல்த் படிக்கற தங்கச்சி ஒருத்தங்க கேட்டது இது: "அக்கா, அமெரிக்கால மாஸ்டர்ஸ் பண்றேன், டீன் ஏஜ் பசங்க போன் யூஸ் பண்றதுக்கும் அவங்க மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்னு ப்ராஜெக்ட். டீன்ஸ் ஆஃப் கலர் கண்டிப்பா இருக்கணும்னு கைடு சொல்றார். எப்படி ரெக்ரூட் பண்றது, எத்தனை பேர் இருந்தா போதும்?"

எத்தனை பேர்ங்கறதுக்கு கடைசில வரேன் மா. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், நீங்க ஆள் தேடறதுல இருந்து ஆரம்பிக்கறீங்க, அப்படின்னா கேள்வித்தாள் ஏற்கனவே ரெடின்னு அர்த்தம், அங்கயே பாதி கோட்டை விட்டாச்சு. (டீன்ஸ் ஆஃப் கலருக்குத் தமிழ்ல என்ன எழுதறதுன்னு எனக்கும் தெரியல, "நிறமுள்ள இளையோர்"னா பெயிண்ட் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கு, அதனால கறுப்பின, லத்தீனோ, ஆசிய, பூர்வகுடி பசங்கன்னே எழுதறேன்.)

நான் நியூஜெர்சில பத்து வருஷத்துக்கு மேல இந்த மாதிரி ஸ்டடில பசங்களோட உக்காந்து பேசற வேலைல இருக்கேன். சில வருஷம் முன்னாடி ஒரு லைப்ரரி ரூம்ல, ஆறிப்போன பீட்சா, எட்டு பசங்க, கைல எங்க சர்வே டிராஃப்ட். "வார்த்தை புரியுதான்னு மட்டும் பாருங்கப்பா"ன்னு குடுத்தோம். முதல் கேள்வியே, சாதாரணமா ஒரு நாளைக்கு சோஷியல் மீடியால எத்தனை மணி நேரம் இருப்பீங்க. 16 வயசு கறுப்பினப் பொண்ணு ஒருத்தி பேனாவைக் கீழ வெச்சுட்டு கேட்டா, "ஞாயித்துக்கிழமை எங்க ஆன்ட்டி எனக்கு தலை பின்னி விடுவாங்க, ஆறு மணி நேரம் ஆகும், அவ்ளோ நேரமும் மடில டிக்டாக் ஓடிட்டே இருக்கும், பாதி நேரம் நான் அதைப் பாக்கவே மாட்டேன், ஆன்ட்டி கூட ஊர்க்கதை பேசி சிரிச்சிட்டு இருப்பேன், இப்ப நான் ஆறு போடவா சைபர் போடவா?" பக்கத்துல இருந்த பையன், அப்பா அம்மா ஈக்வடார்ல இருந்து வந்தவங்க, அவன் சொல்றான், "வீட்டு ஓனருக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போடறது நான், அம்மாவோட க்ளினிக் அப்பாயின்ட்மென்ட் பாக்கறது நான், தம்பியோட ஸ்கூல் ஆப் என் போன்ல, பாட்டியோட வாட்ஸாப் கால் என் போன்ல, இதுல எது சோஷியல் மீடியா?" எங்க கிட்ட பதில் இல்ல. மூணு மாசம் மீட்டிங் போட்டு செதுக்குன கேள்வி, பத்து நிமிஷத்துல பப்படம் மாதிரி நொறுங்கிடுச்சு.

இப்ப இதை ஒரு பெரிய நம்பர் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பியூ ரிசர்ச் சென்டர்ங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2022ல எடுத்த சர்வேல, கிட்டத்தட்ட எப்பவுமே ஆன்லைன்ல இருக்கேன்னு சொன்னவங்க கறுப்பின டீன்ஸ்ல 56%, லத்தீனோ டீன்ஸ்ல 55%, வெள்ளையர்ல 37%. இந்த வித்தியாசத்தைப் பாத்ததும் நியூஸ்ல வர்ற முதல் வாக்கியம் என்னவா இருக்கும்? "இந்தப் பசங்களுக்கு போன் அடிமைத்தனம் அதிகம், பேரன்ட்ஸ் கவனிக்கறதில்ல." ஆனா அந்த ஈக்வடார் வீட்டுப் பையனைக் கேட்டா வேற கதை வருது, வீட்ல லேப்டாப் கிடையாது, ஹோம்வொர்க்கும் போன்ல தான், குடும்பத்துக்கே மொழிபெயர்ப்பாளர் அவன் தான். நம்பர் அதே தான், அர்த்தம் தலைகீழ். அதனால அந்தப் பசங்களை உள்ள கொண்டு வர்றதை புண்ணிய காரியமாவோ கோட்டாவாவோ நினைக்காதீங்க மா, அவங்க இல்லாட்டி உங்க ரிசல்ட் தப்பா வரும், அவ்ளோ தான்.

இந்தத் துறைல சண்டை ஓயாம நடக்குது. 2019ல ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூணு பெரிய டேட்டாசெட்ல 3,55,358 பசங்களோட பதிலை வெச்சுப் பாத்து, பசங்களோட நல்வாழ்வுல இருக்கற வித்தியாசத்துல டெக்னாலஜிக்கு அதிகபட்சம் 0.4% தான் பங்குன்னாங்க. இல்லவே இல்ல, 2012க்கு அப்பறம் ஸ்மார்ட்போன் தான் பசங்களைக் கெடுத்துச்சுன்னு சொல்றாங்க ஜீன் ட்வெங்கிங்கற உளவியல் பேராசிரியர். 2023 மே மாசம், அப்ப சர்ஜன் ஜெனரலா (அமெரிக்க அரசோட தலைமை டாக்டர் மாதிரி) இருந்த விவேக் மூர்த்தி சோஷியல் மீடியா பத்தி எச்சரிக்கை அறிக்கை விட்டார், அதே வருஷம் டிசம்பர்ல நேஷனல் அகாடமிஸ்ங்கற அறிவியல் அமைப்போட குழு, மொத்த மக்கள்தொகை அளவுல சோஷியல் மீடியா தான் காரணம்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னு எழுதுச்சு. யார் பக்கம் நியாயம்ங்கறதை விடுங்க, என் குறை வேற, எல்லாரையும் ஒரே அண்டால போட்டு சராசரி எடுக்கறாங்க. ஒருத்தனுக்கு காய்ச்சல் அடிக்குது, இன்னொருத்தன் குளிர்ல விறைச்சுப் போயிருக்கான், சராசரி எடுத்தா ரெண்டு பேர் உடம்பும் நார்மல்!

இது கிண்டல் இல்ல, நிஜமாவே நடந்திருக்கு. 2018ல ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு கட்டுரை, 2001ல இருந்து 2015 வரைக்கும் தற்கொலை டேட்டாவை வயசு வாரியாப் பிரிச்சுது. 5 முதல் 17 வயசு வரைக்கும் மொத்தமா பாத்தா கறுப்பினப் பசங்க கிட்ட வெள்ளையரை விடக் குறைவு, அதனால ரொம்ப நாளா இது "வெள்ளைக்காரப் பசங்க பிரச்சனை"ன்னே ஒரு பேச்சு. பிரிச்சுப் பாத்தா 13 முதல் 17 வயசுல பாதி அளவு, ஆனா 5 முதல் 12 வயசுல கிட்டத்தட்ட 2 மடங்கு. ரெண்டையும் கூட்டினதுல அந்த சின்னப் பிள்ளைங்க கணக்குலயே காணாம போயிட்டாங்க. அடுத்த வருஷம் அமெரிக்க காங்கிரஸ்ல இருக்கற கறுப்பின எம்பிக்கள் குழு தனியா ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் போட்டு அறிக்கை விட்டப்ப தான் நிறைய பேருக்கு இது உறைச்சுது.

அடுத்து, ஸ்க்ரீன்ல எவ்வளவு நேரம்ங்கறதை விட ஸ்க்ரீன்ல என்ன வருதுங்கறது. பிரெண்டேஷா டைன்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், பசங்க ஆன்லைன்ல சந்திக்கற இனவெறியை 2000கள்ல இருந்தே படிக்கறவங்க. 2019ல அவங்க டீம் எழுதினது, தன் இனத்துக்காரங்களை போலீஸ் சுடற வீடியோ மாதிரி விஷயங்களை ஆன்லைன்ல அதிகம் பாத்த கறுப்பின, லத்தீனோ பசங்க கிட்ட டிப்ரஷன் அறிகுறியும் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்கு அப்பறம் மனசுல தங்கற பாதிப்பு) அறிகுறியும் அதிகமா இருந்துச்சுன்னு. 2020 மே 25, மின்னியாபொலிஸ்ல போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ன அந்த வீடியோவை எடுத்தவங்க டார்னெல்லா ஃப்ரேசியர், அப்ப வயசு 17, கறுப்பினப் பொண்ணு. நம்ம சர்வேல அந்த நாளை எப்படி எழுதுவோம்? போன் யூசேஜ், சுமார் 10 நிமிஷம். அவங்களுக்கு 2021ல புலிட்சர் சிறப்பு விருது கிடைச்சுது. எந்த ஸ்கேல்ல இதை அளக்கறது?

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் விட்டுடக் கூடாது. மூர்த்தி அறிக்கையிலயே ரெண்டும் இருக்கு, டீன்ஸ்ல 64% பேர் அடிக்கடியோ அவ்வப்போதோ வெறுப்புப் பதிவுகளைப் பாக்கறாங்க, அதே சமயம் வெள்ளையர் அல்லாத பொண்ணுங்கள்ல 10ல 7 பேர் தங்களோட இனத்தைப் பத்தி நல்லபடியா பேசற விஷயங்களையும் அங்க தான் பாக்கறாங்க. ஸ்கூல்ல தன் முடியைப் பாத்து கமெண்ட் அடிக்கறாங்க, போனைத் திறந்தா அதே மாதிரி முடியோட ஆயிரம் பேர் அழகா இருக்காங்க. "சோஷியல் மீடியா நல்லதா கெட்டதா"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு நம்மளை ஏற இறங்கப் பாப்பா, பாக்கத்தான் செய்வா.

சரி, கேள்வி மாதிரியே பதிலை யார் படிக்கறாங்கங்கறதும் முக்கியம். டெஸ்மண்ட் பேட்டன்னு ஒரு சோஷியல் வொர்க் பேராசிரியர், சிகாகோல கேங் வன்முறை நடக்கற ஏரியா பசங்களோட ட்வீட்களைப் படிச்சார், துக்கம் எப்ப கோபமா மாறுது, கோபம் எப்ப துப்பாக்கியா மாறுதுன்னு கண்டுபிடிக்க. ட்வீட்களுக்கு லேபிள் போட மாணவர்களை வெச்சார், கூடவே அதே மாதிரி ஏரியால வாழ்ந்த இளைஞர்களையும் நிபுணர்னே பேர் குடுத்து சேர்த்துக்கிட்டார். மாணவர்கள் மிரட்டல்னு குறிச்சதுல சிலதை இவங்க பாத்துட்டு, அட இது எங்க ஊர் ராப் பாட்டு வரிங்கன்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல ஒருத்தன் "வெட்டிடுவேன்டா மச்சான்"னு ஸ்டேட்டஸ் போட்டா அது பாசமா கொலை மிரட்டலான்னு வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? வித்தியாசம் என்னன்னா, அங்க அந்த லேபிள் ஒரு அல்காரிதத்துக்குள்ள போகுது, அந்த மாதிரி அல்காரிதம் போலீஸ் கைக்குப் போனா பாட்டு பாடின பையன் சந்தேக லிஸ்ட்ல.

2024ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி டீம் எழுதினது இதை விட தலைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஃபேஸ்புக் பதிவுல "நான், எனக்கு, என்னை" அதிகமா வந்தா டிப்ரஷன் அறிகுறின்னு ரொம்ப வருஷமா பாடமே நடத்தறாங்க. 868 பெரியவங்க, பாதி கறுப்பினத்தவர் பாதி வெள்ளையர், இவங்க பதிவுகளை எடுத்துப் பாத்தா வெள்ளையர் கிட்ட தான் அந்த சம்பந்தம் இருக்கு, கறுப்பினத்தவர் கிட்ட இல்ல, அவங்க டேட்டாவை மட்டும் வெச்சு டிப்ரஷனைக் கண்டுபிடிக்கற கம்ப்யூட்டர் மாடலைப் பழக்கினாலும் சரியா வேலை செய்யல. அதாவது பின்னாடி டேட்டாவைக் கூட்டிப் போட்டு சரி பண்ண முடியாது, எதைத் தேடணும்ங்கறதே முதல்ல இருந்து வேற. கஷ்டத்தை வாயால எப்படி சொல்றாங்கன்னு அவங்களோட உக்காந்தா தான் தெரியும். நம்ம வீட்லயே பாருங்க, எந்தப் பாட்டி "எனக்கு மன அழுத்தம்"னு சொல்லிருக்காங்க? "நெஞ்சு படபடன்னு இருக்கு, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல"ன்னு தான சொல்வாங்க.

இனி ரெக்ரூட்மென்ட். "அந்த கம்யூனிட்டிக்கு ஆராய்ச்சி மேல நம்பிக்கை கம்மி"ன்னு எல்லா பேப்பர்லயும் ஒரு வரி வரும், ஏதோ அவங்களுக்கு வந்த வியாதி மாதிரி. நம்பிக்கையைக் கெடுத்தது யாரு? அலபாமால டஸ்கிகில 1932ல இருந்து 1972 வரைக்கும் 40 வருஷம், சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை சிகிச்சை குடுக்காமலே வேடிக்கை பாத்தது அரசாங்கத்தோட சுகாதாரத் துறை, 1947லயே பென்சிலின் வழக்கமான மருந்தாயிடுச்சு, அதுக்கு அப்பறமும் 25 வருஷம். பால்டிமோர்ல 1990கள்ல ஈயப் பெயிண்டை முழுசா எடுக்காத வீடுகள்ல குழந்தைங்களோட குடும்பங்களை இருக்க வெச்சு ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு அளந்தாங்க, 2001ல மேரிலாண்ட் கோர்ட் அதை டஸ்கிகியோட ஒப்பிட்டே எழுதுச்சு. அரிசோனால ஹவாசுபாய் பழங்குடி மக்கள் 1990ல சர்க்கரை வியாதி ஆராய்ச்சின்னு நம்பி ரத்தம் குடுத்தாங்க, அதை வெச்சு ஸ்கிசோஃபிரினியா, அவங்க முன்னோர் எங்க இருந்து வந்தாங்கன்னு என்னென்னவோ ஆராய்ச்சி, இது தெரிய வந்ததே 2003ல அந்த இனத்துப் பொண்ணு ஒருத்தங்க யுனிவர்சிட்டில ஒரு பிஎச்டி வைவால போய் உக்காந்தப்ப தான். 2010ல 7 லட்சம் டாலருக்கு செட்டில்மென்ட், மிச்ச ரத்தமும் திரும்பப் போச்சு. ரத்தமே அப்படின்னா, போன்ல லொகேஷனும் தூங்கற நேரமும் டைப் பண்ற வேகமும் எடுக்கற ஆப்பைப் போடச் சொன்னா அந்த வீட்டுப் பாட்டி ஏன் யோசிக்க மாட்டாங்க? அவங்க யோசிக்கறது புத்திசாலித்தனம். அதனால டேட்டா எங்க இருக்கும், யார் பாப்பாங்க, எப்ப அழிப்பீங்க, வேற ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா, இதெல்லாம் பையன் படிச்சுட்டு பாட்டிக்கு சொல்ற பாஷைல எழுதுங்க.

கன்சென்ட் ஃபார்ம் பத்தி. அமெரிக்கச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழன்னா பேரன்ட் அனுமதி, கூடவே பிள்ளையோட சம்மதம் தனியா. பேப்பர்ஸ் இல்லாத குடும்பம்னா எந்த ஃபார்ம்லயும் கையெழுத்து போட பயப்படுவாங்க, பையன் ஆசைப்பட்டாலும் வர முடியாது, அப்ப உங்க சாம்பிள்ல இருக்கற லத்தீனோ பசங்க எல்லாம் கொஞ்சம் செட்டிலான வீட்டுப் பசங்களா மட்டும் இருப்பாங்க. பேரன்ட் அனுமதி கேட்டா பிள்ளைக்கே ஆபத்துங்கற நிலைமைல ஐஆர்பி (ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற நெறிமுறைக் குழு) அதை விலக்க விதி இருக்கு, வேற பாதுகாப்பு ஏற்பாட்டோட, வீட்டுக்குத் தெரியாத கே, ட்ரான்ஸ் பசங்களை சேர்க்கற ஸ்டடிங்க அந்த வழில தான் போகுது. நம்ம ஆளுங்க வீட்ல பிரச்சனை வேற மாதிரி, யுனிவர்சிட்டி ஸ்டடின்னா காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஆகும்னு அப்பா சட்டுன்னு கையெழுத்து போட்டுருவார், பிள்ளை கிட்ட யார் கேட்டா? அந்தப் பிள்ளை தனியா "வேண்டாம்"னு சொல்ல ஒரு வழி வெச்சே ஆகணும்.

இதை விடப் பெரிய விஷயம், பசங்க சொன்ன பதிலுக்கு அப்பறம் என்ன நடக்கும்ங்கறது. ஒரு ப்ராஜெக்ட்ல, எங்கன்னு சொல்ல மாட்டேன், நானும் அந்த டீம்ல இருந்ததால என் மேலயும் தப்பு இருக்கு, ஒரு பையன் ராத்திரி போன் சர்வேல "செத்துரலாம் போல இருக்கு"ங்கற கட்டத்தை டிக் பண்ணான். எங்க விதிமுறைல எழுதி வெச்சபடி தகவல் மேல போச்சு, ஒன்பதரை மணிக்கு அவன் வீட்டு வாசல்ல லைட் சுத்திட்டு போலீஸ் வண்டி. கறுப்பினக் குடும்பம், தெரு முழுக்க வெளிய வந்து பாக்குது, அவங்க அம்மா அவனை உள்ளயே நிறுத்திட்டு ரெண்டு கையும் தெரியற மாதிரி வெச்சுட்டு கதவைத் திறந்தாங்களாம். அவனுக்கு ஒண்ணும் ஆகல. மறுநாள் அவன் ஸ்டடில இருந்து விலகிட்டான், அந்த வாரமே அவன் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், மிச்சம் இருந்தவங்க எல்லாக் கேள்விக்கும் "நல்லா இருக்கேன்"னு டிக் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. எங்க டேட்டால அந்த மாசம் மனநலம் சூப்பரா முன்னேறியிருக்கு!

அதுக்கு அப்பறம் நான் இருக்கற எந்த ஸ்டடிலயும் அந்த விதிமுறையைப் பசங்களோட உக்காந்து தான் எழுதறோம். முதல்ல யார் போன் பண்ணுவாங்க, எத்தனை மணிக்குள்ள, அவன் சொன்ன பெரியவங்க யாரு, சர்ச் பாஸ்டரா சித்தியா கோச்சா, 988க்கு (தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன்) எப்ப, போலீஸ்ங்கறது எந்தக் கட்டத்துல. சட்டத்தை மாத்த முடியாது, நியூஜெர்சில பிள்ளைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அதையும் முன்னாடியே முகத்துக்கு நேரா சொல்லிடணும். ஒளிச்சு வெச்சு பின்னாடி தெரிஞ்சா அவ்ளோ தான்.

காசு. பசங்க நேரத்துக்குக் காசு குடுங்க, பீட்சாவும் சர்டிஃபிகேட்டும் காசு இல்ல. நியூஜெர்சில மினிமம் வேஜே மணிக்கு 15 டாலருக்கு மேல, அவன் கடைல நிக்கற ஷிஃப்ட்டை விட்டுட்டு உங்க கிட்ட வரான். யுனிவர்சிட்டி அக்கவுண்ட்ஸ்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (நம்ம ஊர் ஆதார் மாதிரி) கேப்பாங்க, அது இல்லாத பசங்க வாயைத் திறக்காம காணாமப் போயிடுவாங்க, ஏன் வரலைன்னு நமக்குத் தெரியவே தெரியாது, அதனால நம்பர் கேக்காத கிஃப்ட் கார்டுக்கு வழி பண்ணிட்டு அப்பறம் ரெக்ரூட் பண்ணுங்க.

ஸ்டடிக்கு யோசனை சொல்ல பசங்களை வெச்சு அட்வைசரி போர்டுன்னு ஒண்ணு போடுவீங்க, எல்லாரும் போடறாங்க. ரோஜர் ஹார்ட் 1992ல யுனிசெஃபுக்காக எழுதினதுல பசங்களோட பங்கேற்பை 8 படி ஏணியா வரைஞ்சார், கீழ மூணு படி ஏமாத்து, அலங்காரம், பேருக்கு ஒருத்தர். முக்கால்வாசி போர்டு அந்த மூணாவது படில உக்காந்திருக்கு, வருஷத்துக்கு ரெண்டு ஜூம் மீட்டிங், ஒரு குரூப் போட்டோ. உங்க போர்டு எந்தப் படின்னு தெரியணுமா, போர்டு சொல்லி நீங்க தூக்கிப் போட்ட கேள்வி ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க.

நம்ம பசங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்க ஃபார்ம்ல "ஏஷியன்"னு ஒரு கட்டம், அதுக்குள்ள நியூஜெர்சி எடிசன்ல ரெண்டு ஐடி சம்பளம் வர்ற வீட்டுப் பையனும், கம்போடியால இருந்து அகதியா வந்த குடும்பத்துப் பேரனும், லாவோஸ் பக்கத்து மலைவாழ் ஹ்மாங் இனத்துப் பொண்ணும் ஒண்ணு. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடால "சவுத் ஏஷியன்"னு இன்னொரு கட்டம், ஸ்கார்பரோல இலங்கைப் போருக்கு அப்பறம் வந்த வீட்டுப் பிள்ளை, அவ போன்ல மே மாசம் ஆனா முள்ளிவாய்க்கால் படங்களா வரும், அவளும் எச்1பி வழியா வந்த வீட்டுப் பிள்ளையும் ஒரே டிக். தமிழ்னு ஒரு வரி எழுத இடம் விடுங்க, காலியா விட்ட ஒரு கோடு போதும்.

எத்தனை பேர்? ஒரு மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்ல 40 பேரை நாலு இனமாப் பிரிச்சு ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது, அதை விட்டுடுங்க. பெரிய நம்பருக்கு, பிள்ளைங்களோட மூளை வளர்ச்சி பத்தின ஏபிசிடி ஸ்டடி அமெரிக்கால இருக்கு, 9, 10 வயசுல 11,800க்கு மேல பிள்ளைங்களை சேர்த்து 21 இடத்துல பின்தொடர்றாங்க. நீங்க ஒரே ஊர்ல ஒரே சமூகத்துல 12, 15 பசங்க, அதுல நாலஞ்சு பேர் சம்பளம் வாங்கற சக ஆராய்ச்சியாளரா ஆரம்பத்துல இருந்தே, அப்படிப் போங்க. கைடு ஒத்துக்கலைன்னா பேட்டன் டீமோட லேபிள் கதையை சொல்லுங்க. ஃபண்டிங் முன்ன மாதிரி இல்ல, 2025ல டைவர்சிட்டி சம்பந்தப்பட்டதுன்னு நூத்துக்கணக்குல என்ஐஎச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) கிராண்ட்டை நிறுத்தி கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அதனால சின்னதா, கைக்காசுக்குள்ள அடங்கற மாதிரி பிளான் பண்றது உங்களுக்கும் நல்லது.

அந்த தலை பின்ற பொண்ணு என்ன ஆனான்னு கேப்பீங்க. எங்க முதல் கேள்வியை அவளும் அந்தப் பையனும் சேர்ந்து அடிச்சுட்டு வேற எழுதினாங்க, "நேத்து போன் ஓடிட்டு இருந்தப்ப உன் பக்கத்துல யார் இருந்தாங்க, போனை வெச்ச உடனே எப்படி இருந்துச்சு?" எத்தனை மணி நேரம்ங்கறது ஏழாவது கேள்விக்குப் போயிடுச்சு. வேணும்னா அதை நீங்களும் எடுத்துக்கோங்க, ஆனா உங்க ஊர் பசங்க கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அவங்க அதையும் அடிக்க வாய்ப்பு இருக்கு.